முதலில் அளவு, பிறகு கையெழுத்து

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். மகள் சிவில் படிக்கும் பொறியியல் கல்லூரிக்குப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது, முகப்புக் கூடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. இரண்டு நாட்டுக் கொடிகள், நடுவில் கோப்புகளை மாற்றிக்கொள்ளும் இருவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தமாம்.

"இதுல யாராவது அங்க போனாங்களா? அங்கிருந்து யாராவது வந்தாங்களா?" என்றேன்.

"நான் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. யாரும் போகல, யாரும் வரலப்பா" என்றாள்.

படத்தோடு நின்றுவிடாத உறவுகளும் உண்டு. சென்னை ஐஐடி 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. அங்கிருந்து பேராசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். நம் ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயின்றார்கள். ஆய்வகங்களுக்கு இயந்திரங்கள் வந்து இறங்கின. அதே ஐஐடி 2023-ல் தான்சானியாவின் சான்சிபாரில் தன் வளாகத்தைத் திறந்தது. ஆளும் அறிவும் போய்வந்த உறவுகள் இவை.

எங்கள் ஊர்த் தொழிற்சாலையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். டிவிஎஸ் 1980-களில் சுசுகியோடு சேர்ந்து பைக் செய்தது. 2001-ல் தனியே நின்றது. 2013-ல் பிஎம்டபிள்யூ மோட்டோராட் கூட்டுக்கு வந்தது. பிஎம்டபிள்யூ பெயர் தாங்கிய 310 சிசி பைக்குகள் ஓசூரிலிருந்து பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. என் டூல் ரூமுக்கு வந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர், வணக்கம் சொன்ன கையோடு நாங்கள் செய்த பீஸை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

அப்படி வந்து பார்ப்பவரிடம் கல்லூரி எதை எடுத்துக் காட்டும்? ஓசூருக்குப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது போய் நின்று பாருங்கள். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை ஆறு மதகில் விழுந்து வெண்ணுரையாகப் பொங்கும்; காற்றடித்தால் நுரை பஞ்சுப் பொதிபோல் பிய்ந்து பக்கத்து நிலத்தில் விழும்; நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதுதான் எங்கள் பாசனத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, மண்ணில் என்ன தங்குகிறது, கீரையில் என்ன ஏறுகிறது என்று ஒரு கல்லூரி மாதம் தவறாமல் பத்து ஆண்டு அளந்து வைத்திருந்தால், நகரக் கழிவுநீரை ஆராயும் எந்த நாட்டுக்காரரும் அதைத் தேடி வருவார். எங்கள் பகுதிப் பசுமைக்குடில் ரோஜாவும் மாங்கூழ் ஆலைகளில் குவியும் கொட்டையும் இப்படிக் காத்திருக்கும் பாடங்களே.

வெளிநாட்டோடு சேர்ந்து இரட்டைப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் விதி வகுத்துவிட்டது. ஆனால் அந்த விதிப்படி, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் குறைந்தது 3.01 இருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வர வேண்டும். அங்கேயும் முதலில் அளவுதான்.

கூட்டாளி தேடி உடனே விமானம் ஏறவும் வேண்டாம். அத்திப்பள்ளி வழியாகப் போனால் ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர்; 1909 முதல் இயங்கும் இந்திய அறிவியல் கழகம் அங்கே இருக்கிறது. நுரை புறப்படும் ஊரோடு சேர்ந்து அளப்பதுதான் நியாயமான தொடக்கம்.

கல்லூரி நிர்வாகத்தை ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் படம் அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். கெலவரப்பள்ளித் தண்ணீரின் இந்த மாத அளவுகளை, எடுத்த மாணவர் பெயரோடு அதில் எழுதுங்கள். அடுத்து வரும் வெளிநாட்டு விருந்தினரை முதலில் அந்தப் பலகை முன்னால் நிறுத்துங்கள்.