ஸ்டேஜ் நம்பர் மட்டும் போதுமா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும், ‘ஸ்டேஜ் 3, எத்தனை வருடம்?’ என்று இணையத்தில் தேடுகிறோம். சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரைகுறைத் தகவல் கொடுத்தால் விடையும் அரைகுறைதான். டி.என்.எம். முறை கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்கள், பிற உறுப்புகளுக்குப் பரவல் ஆகிய மூன்றைப் பார்க்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு, 2018-ல் அமெரிக்காவில் அமலுக்கு வந்த திருத்தம் செல்களின் கிரேடு, ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 புரதம் ஆகியவற்றையும் ஸ்டேஜ் கணக்கில் சேர்த்தது.

விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-ல் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தது. புத்தகங்களில் இருந்த இடைநிலை ஆயுள் 8 மாதம். அதாவது, பாதிப்பேர் அதையும் தாண்டி வாழ்ந்தார்கள். அவரோ சுமார் 20 ஆண்டுகள் வாழ்ந்தார்.

திரையில் தெரிவது கூட்டத்தின் கணக்கு. உங்கள் வீட்டு நோயாளியின் தலையெழுத்து அல்ல. முழு ரிப்போர்ட்டுடன் டாக்டரிடமே கேளுங்கள்.