மழை நாளில் வார்த்த பேனா

தமிழ்ப்பள்ளி ஆசிரியரான அப்பாவின் பணி ஓய்வுக்கு, என் கையால் ஒரு பேனா செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். தமிழ்நாட்டில் திருவள்ளூர் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட், அக்ரிலிக் கட்டைகளைக் கடைந்து பேனா செய்கிறார்கள். கட்டையை நாமே ரெசினில் வார்த்தால் நிறமும் நம் விருப்பம்தானே!

காஜாங்கில் ஒரு மழை மாலை. சிவப்பும் பொன்னிறமுமாக வார்த்தேன். கடையும்போது உள்ளெல்லாம் ஓட்டை, கட்டை பிளந்துவிட்டது.

நான் வாங்கியது பாலியூரிதேன் ரெசின். ஈரம் பட்டால் கரியமில வாயு உண்டாகி நுரைத்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

மறுமுறை வெயில் நாளாகப் பார்த்தேன். அச்சையும் வண்ணத்தூளையும் நன்றாக உலர்த்தினேன். ரெசினை ஊற்றியதும் டப்பாவை இறுக மூடினேன். நீராக இருக்கும்போதே ஊற்றினால் இரு நிறமும் ஒன்றாகிவிடும். தேன் பதத்தில் ஊற்றினால்தான் அலை அலையாக நிற்கும். ஆனால் சில நிமிடங்களில் இறுகிவிடும், கை வேகம் வேண்டும். நிதானம் வேண்டுவோருக்கு எபோக்சி நல்லது. இறுக ஒரு நாளாவது ஆகும். எதுவானாலும் கையுறை, முகக்கவசம், காற்றோட்டம் அவசியம். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

அப்பா அந்தப் பேனாவால் முதலில் என் பெயரை எழுதினார். பழக்கதோஷம், பக்கத்திலேயே ஒரு 'சரி' போட்டார்!