ஆடும் கண்கள்... கண்ணோடு முடிகிற விஷயமா?

பிறந்து மூன்று மாதமாகியும் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கண்மணிகள் நிலையாக நிற்காமல் இடமும் வலமுமாக ஆடுகின்றன. ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று பெரியவர்கள் சொல்ல, இன்னும் சில மாதங்கள் ஓடிவிடும். கடைசியில் கண் மருத்துவரிடம் போனால், ‘பார்வை நரம்பு சரியா வளரலை, ஆபரேஷன் பண்ணி சரிசெய்ய முடியாது’ என்ற பதில் கிடைக்கும். பதில் உண்மைதான். ஆனால், பாதி உண்மை.

கண் பார்ப்பதை மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் உண்டு. இந்தக் குழந்தைகளுக்குக் கருவிலேயே அவை குறைந்துவிடுகின்றன. இரண்டு நரம்புகளும் மூளைக்கு அடியில் சந்திக்கும் இடத்துக்குக் கீழேதான் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. நரம்பு வளராத குழந்தைகள் பலருக்கு இந்தச் சுரப்பியின் வேலையும் தடுமாறும். 1970-லேயே ஹாய்ட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு இதைச் சுட்டிக்காட்டியது. அதனால் கண் பரிசோதனையோடு நிறுத்தாமல், மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், ஹார்மோன்களுக்கு ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

பிறந்த சில நாள்களிலேயே ரத்தத்தில் சர்க்கரை குறைந்தது, மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் நீடித்தது போன்றவை நடந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அவை ஹார்மோன் குறைவின் தடயங்களாக இருக்கலாம். அதிகம் குறைவது வளர்ச்சி ஹார்மோன். முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும் பின்னால் குறையலாம் என்பதால், உயரத்தைத் தொடர்ந்து அளந்து குறித்துவைப்பது நல்லது. ஓயாத தாகமும் அளவுக்கு மீறிய சிறுநீரும் இன்னொரு எச்சரிக்கை.

பார்வையில் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. நரம்பு புதிதாக வளராது. ஆனால் மூளை முதிர முதிர, முதல் சில வருடங்களில் பார்வை ஓரளவு மேம்படும் குழந்தைகள் உண்டு. ‘பவர்’ இருந்தால் கண்ணாடியும் உதவும். கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி என்று அம்மாவைக் குற்றவாளி ஆக்குவது வீண்பேச்சு. பெரும்பாலும் காரணம் இன்னதென்று தெரிவதே இல்லை.

உயிருக்கே ஆபத்தானது கார்ட்டிசால் குறைவு. காய்ச்சல் வந்தால் உடம்பு தானாகக் கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு அது முடியாது. சாதாரணக் காய்ச்சலிலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரிந்துவிடும். இப்படித் திடீரென இறந்துபோன குழந்தைகளைப் பற்றி 1997-ல் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. குறைவு உறுதியானால் தினமும் மாத்திரை தர வேண்டும். காய்ச்சலின்போது எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தருவார். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும். அக்கம்பக்க மருத்துவருக்கு இந்தக் குறைபாடு பழக்கமில்லாமல் இருக்கலாம். கல்யாணம், திருவிழா என்று வெளியூர் போகும்போதும் மாத்திரையோடு அந்தச் சீட்டும் பையில் இருக்கட்டும்.