வீட்டுத் தோட்டம்: விதை தேடிய கதை



அவரை ஊன்றும் ஆனி மாதம் வந்துவிட்டது. "ஊர் அவரை விதை இங்கே எங்கு கிடைக்கும்?" எனச் சங்கத்து அன்பர் சிலர் எம்மை வினவுகின்றனர். விடை கூறும் தகுதி எமக்கு உண்டு. கையிலிருந்த விதையைத் தொலைத்துவிட்டுத் தேடி அலைந்தவர் யாமே.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகித் தில்லிக்கு வந்தபோது, எம் அன்னையார் ஒரு பிடி அவரை விதையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் ஆண்டுதோறும் அது காய்த்தது. அவர் மறைந்த ஆண்டில் விதையை வெயிலில் காட்ட மறந்தோம். மறு ஆனியில் டப்பாவைத் திறந்தால் விதைதோறும் துளை. அடியில் வண்டும் மாவும்.

கடைகளில் தேடினோம். பொட்டலங்கள் பலவற்றில் 'எஃப் 1' என்று அச்சிட்டிருந்தது. அது கலப்பின விதை. அதன் காயிலிருந்து விதை எடுத்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வாராது. பூசா ஆராய்ச்சிக் கழகத்தின் 'பூசா ரூபி' தக்காளி போன்ற ரகங்களில் விதை எடுத்து வைக்கலாம். அதே பூசாவில், 1976இல் தோன்றிய தேசியத் தாவர மரபு வளப் பணியகம் நாட்டு விதைகளை உறைகுளிரில் பேணுகிறது. எனினும் அஃது ஆராய்ச்சிக்கான களஞ்சியம். எம் அன்னையாரின் அவரையை அங்கே என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

முடிவில் விதை ஜான்சியிலிருந்து தபாலில் வந்தது. மாற்றலாகிச் சென்ற அண்டை வீட்டு அம்மையாருக்கு அன்னையார் முன்பு ஒரு பிடி கொடுத்திருந்தாராம். உறையின்மேல் 'பெரியம்மா அவரை' என்று எழுதியிருந்தார். பதினெட்டு விதைகள், பதினொன்று முளைத்தன.

இனி, விதை காக்க வேண்டிய சாமான்களைக் கூறுவோம். யாவும் வீட்டிலேயே உள்ளன. நல்ல கொடியில் சில காய்களைப் பறிக்காமல் முற்றிக் காய விடுக. விதையை இளவெயிலிலும் பின் நிழலிலும் உலர்த்துக; பல்லால் கடித்தால் தடம் பதியலாகாது. ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பர். வண்டு காயிலேயே முட்டையிட்டு விதையோடு வீட்டிற்குள் வருவது. ஆதலின் நன்கு உலர்ந்த விதையை ஒரு வாரம் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து எடுக்கலாம். பிறகு சலித்த சாம்பலில் புரட்டி, மூடி இறுகும் கண்ணாடிப் புட்டியில் இடுக. வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து உடன் வைத்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் சீட்டில் எழுதி ஒட்டுக.

இவ்வளவு செய்தும் ஒரு வீட்டில் விதை கெடலாம். மூன்று வீடுகளில் இருந்தால் அச்சமில்லை. மகாராட்டிரத்துப் பழங்குடி மூதாட்டி ராகிபாய் போபெரே நாட்டு விதைகளைச் சேர்த்து ஊராருடன் பகிர்ந்தே காத்தார். 2020ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் வீட்டு முதியோரிடம் ஒரு பிடி கேட்டு வாங்கி வருக. அவர்கள் இருக்கும்போதே கேட்க. அடுத்த சங்கக் கூட்டத்திற்கு வரும்போது உறையில் இட்டுக் கொணர்க, மாற்றிக்கொள்வோம். எம்மிடம் 'பெரியம்மா அவரை' மூன்று உறைகள் உள்ளன. முதலில் கேட்போர்க்கு உரியன.