யோபுவின் மனைவி

யோபு பக்தரின் சரித்திரத்தை அறியாதார் நம்முள் மிகச் சிலரே. மக்கள் பதின்மரையும் ஒரே நாளில் இழந்து, சரீரமெங்கும் புண்பட்டுச் சாம்பலில் அமர்ந்த அவரைத் தேற்றுதற்கு நண்பர் மூவர் வந்தனர். ஏழு நாள் இரவும் பகலும் அவருடன் தரையில் அமர்ந்திருந்தனர். ஆயின், அப்பதின்மரையும் இழந்தவள் அவர் மனைவியுமன்றோ? அவளை அம்மூவரும் தேற்றியதாக நூலில் ஒரு சொல்லும் காணோம். அவள் மனங்கசந்து கூறிய ஒரு மொழியையே நினைவிற்கொண்டு, உலகம் அவளை இன்றளவும் பழித்து வருகின்றது.

அக்குறை நம்மிடத்தும் உண்டு. முதிய கணவர் ஒருவர் மனச்சோர்வால் நலிவாராயின், காண வருவோர் அவர் நலத்தையே விசாரிப்பர். அவர் இரவெல்லாம் விழித்திருப்பின் மனைவிக்கும் உறக்கமில்லை. அவர் ஆலயத்திற்கு வர மறுப்பின் அவளும் வீட்டைவிட்டு அகலாள். பேச்சுக் குறையும், உணவு சுருங்கும், சின்னாளில் அச்சோர்வு அவளையும் பற்றும். மனைவி நோயுறின் கணவர் நிலையும் இதுவே.

மறதிநோயிலும் இதனையொத்த தொடர்பு காணப்படுகின்றது. அமெரிக்க நாட்டு யூட்டா மாகாணத்தில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,221 தம்பதிகளைப் பன்னீராண்டு வரை தொடர்ந்து ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டில் அறிஞர் முடிவொன்றை வெளியிட்டனர். துணைவர் மறதிநோயுற்றோர்க்கு அந்நோய் வரும் அபாயம் ஏனையோரினும் ஏறத்தாழ ஆறு மடங்கு என்பது அது. இது தொற்றுநோயன்று; நோயாளரைப் பேணும் பாரம் ஒரு காரணமாகலாம் எனக் கருதுவர்.

"இன்ப துன்பங்களை இருவரும் பகிர்தல் இல்லறத்தின் இயல்பன்றோ? இதற்கு மருத்துவர் எதற்கு?" எனச் சிலர் வினவலாம். பகிர்தல் அறமே. ஆயின் இருவரும் ஒரே கிணற்றில் வீழ்ந்தபின், மேலிருந்து கயிறு விடுவார் யார்? ஆதலின், முதியோர் ஒருவர்க்கு மனநோய் கண்டவிடத்து, மருத்துவர் அவர் துணைவரையும் அழைத்துச் சோதித்தல் வேண்டும். போதகர் இருவரிடமும் தனித்தனியே உரையாடல் வேண்டும். மக்கள் சில நாளேனும் பேணும் பாரத்தைத் தாம் ஏற்றல் வேண்டும். இந்திய அரசினர் 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநல உதவியை 14416 என்ற எண்ணில் தொலைபேசி வாயிலாகப் பெறுதலும் எளிதே.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் சென்று, நோயுற்ற பாட்டனாரின் கட்டிலருகே அமர்வீராயின், எழுமுன் அடுக்களைக்குஞ் சென்று, "பாட்டி, நீங்கள் உறங்கினீர்களா?" என்றும் கேண்மின். யோபுவின் மனைவியை ஒருவரும் கேளாத கேள்வி அது.