பதினேழு பிரதிக் கணக்கு

2025 ஆகஸ்ட் இறுதியில் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' நெட்ஃபிளிக்ஸில் வெளியானதிலிருந்து, முதல் நாவல் எழுதுகிறவர்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ரிச்சர்ட் ஆஸ்மனைப் பார், 2020இல்தான் முதல் நாவலை வெளியிட்டார், அந்த ஆண்டே பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வார விற்பனையில் முதலிடம் பிடித்தார், இன்று ஹாலிவுட் படமாகிவிட்டது என்கிறார்கள். அடுத்த வரியிலேயே உபதேசம் வந்துவிடுகிறது: எழுதினால் மட்டும் போதாது, தன் புத்தகத்தைத் தானே விற்கவும் எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லண்டன் பதிப்பு உலகில் பிறந்த இந்த உபதேசம், ஜனவரி தோறும் சென்னைப் புத்தகக்காட்சி நடக்கும் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்கும் தவறாமல் வந்து சேர்கிறது.

இந்த உபதேசம் தவறு. மர்ம நாவலைப் பொறுத்தவரை அது அநியாயமும்கூட.

ஆஸ்மனை முதலில் பேசி முடித்துவிடலாம். அவர் நன்றாக எழுதுகிறார். முதியோர் குடியிருப்பில் வாழும் நான்கு பேர் கொலைகளைத் துப்பறியும் கதை வாசகர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. ஆனால், நாவல் வருவதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே பிபிசியின் 'பாயின்ட்லெஸ்' வினாடி வினா மூலம் பிரிட்டனின் வீடுகளுக்குள் அன்றாடம் போய்வந்த முகம் அவருடையது. கையெழுத்துப் பிரதிக்காகப் பதிப்பகங்கள் ஏலம் கேட்டன. இரண்டு புத்தகங்களுக்கு ஏழு இலக்க பவுண்டில் ஒப்பந்தம் போட்டவர்கள், அந்தப் பணத்தைத் திரும்ப எடுப்பதற்காக விளம்பரத்தையும் கொட்டினார்கள். அந்த வெற்றிக்குப் பின் பாதிரியாரும் ஒலிபரப்பாளருமான ரிச்சர்ட் கோல்ஸ் 2022இலும், வானொலி – தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜெரமி வைன் 2025இலும் கொலைக் கதைகளோடு வந்தார்கள். இவர்களெல்லாம் புத்தகத்தைத் தாங்களே விற்றார்கள் என்று சொல்வது, முகவரி உள்ளவனையும் இல்லாதவனையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, கடிதம் ஏன் உனக்கு மட்டும் வரவில்லை என்று கேட்பதற்குச் சமம்.

முகவரி இல்லாதவருக்கு என்ன நடக்கும் என்பதற்குத் துல்லியமான சான்று ஒன்று உண்டு. 2013 ஏப்ரல் 18 அன்று 'தி குக்கூஸ் காலிங்' என்ற துப்பறியும் நாவல் லண்டனில் வெளியானது. எழுதியவர் ராபர்ட் கல்பிரெய்த். முன்னாள் ராணுவப் போலீஸ்காரர், இப்போது தனியார் பாதுகாப்புத் துறையில் இருப்பவர் என்றது அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பு. பெரிய பதிப்புக் குழுமம், கடின அட்டை, வேல் மெக்டர்மிட் போன்ற முன்னணி க்ரைம் எழுத்தாளரின் பாராட்டு, நல்ல மதிப்புரைகள் என ஒரு முதல் நாவலாசிரியர் கனவு காணக்கூடிய அத்தனையும் அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது. ஜூலை 14 அன்று 'சண்டே டைம்ஸ்' உண்மையை வெளியிட்டது. கல்பிரெய்த் என்று ஒருவர் இல்லை, எழுதியவர் ஜே.கே.ரௌலிங்.

அதுவரை பிரிட்டனில் விற்ற கடின அட்டைப் பிரதிகள் ஏறக்குறைய 1,500 என்று அன்றைய செய்திகள் கூறின. இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏப்ரல் 18 முதல் ஜூலை 14 வரை 87 நாள்கள். நாளொன்றுக்குச் சராசரி 17 பிரதிகள். ஆறு கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட, துப்பறியும் கதைக்குத் தாய்வீடு என்று சொல்லத்தக்க ஒரு நாட்டில், உலகில் மிக அதிகமாக விற்கும் எழுத்தாளர்களில் ஒருவர் எழுதிய, விமர்சகர்கள் பாராட்டிய மர்ம நாவலுக்கு நாளுக்குப் பதினேழு பேர்தான் கிடைத்தார்கள். உண்மை வெளியான உடனே, அமேசான் பட்டியலில் நாலாயிரத்துச் சொச்சமாவது இடத்தில் கிடந்த புத்தகம் முதலிடத்துக்குத் தாவியது. பதிப்பகம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பிரதிகளை மறு அச்சுக்கு அனுப்பியது. நாவலில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. கொலையாளி அதே ஆள். துப்பறிகிறவர் அதே கார்மரன் ஸ்ட்ரைக்.

சந்தை எதைப் பார்த்து வாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பரிசோதனையை எந்தப் பொருளாதார நிபுணராலும் வடிவமைக்க முடியாது. இதை மறுப்பவர்கள் ரௌலிங் பிற்பாடு தந்த விளக்கத்தைக் காட்டுவார்கள். மின்னூல், ஒலிநூல், நூலகம் என எல்லா வடிவங்களிலுமாகச் சேர்த்து 8,500 ஆங்கிலப் பிரதிகள் போயிருந்தன, இரண்டு தொலைக்காட்சி நிறுவனங்கள் அணுகியிருந்தன, ஒரு புதியவருக்கு இது நல்ல தொடக்கமே என்பது அந்த வாதம். ஒலிநூலையும் நூலகத்தையும் கூட்டித்தான் கௌரவமான எண்ணுக்கு வர முடிகிறது என்றால், அந்த வாதத்தின் பலம் அவ்வளவுதான். பின்னால் பெரிய பதிப்பகமே நின்ற புத்தகத்துக்கு இந்த நிலை. முகநூல் கணக்கை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரிடம், விற்காதது உன் குறை என்று எந்த முகத்தோடு சொல்வது?

இங்கே ஒரு முதல் நாவலாசிரியரின் பாட்டைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அட்டைப்படத்தை வெளியிடச் சொல்லி பிரபலமான பத்துப் பேரின் உள்பெட்டியைத் தட்டுவது அவர். வாட்ஸ்அப்பில் முன்பதிவு கேட்டு உறவினர்களைத் தொந்தரவு செய்வது அவர். பல இடங்களில் நூறு பிரதியை அவரே விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே எழுதாத ஒப்பந்தம். வெளியீட்டு விழாவின் அரங்க வாடகை, பொன்னாடை, பேச்சாளரின் கார், வந்தவர்களுக்கு டீ, மதிப்புரைக்கு அனுப்பும் பிரதிகளின் கூரியர் கட்டணம் எல்லாம் அவர் சம்பளத்திலிருந்துதான் போகின்றன. புத்தகக்காட்சி நாள்களில் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அரங்கின் வாசலில் பேனாவோடு நிற்கிறார். அவருடைய புத்தகமோ, கேட்டால் எடுத்துத் தரும் பின்வரிசையில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரீல்ஸும் போட வேண்டுமாம்.

இதில் மர்ம நாவலாசிரியரின் பாடு தனி. கவிஞர் மேடையில் கவிதையை வாசிக்கலாம். வரலாற்று நாவல் எழுதியவர் சோழர் கல்வெட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். மர்மக் கதை எழுதியவர் தன் நாவலின் ஆகச் சிறந்த பகுதியைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது. எந்த முடிச்சுக்காக மூன்று வருடம் மூளையைக் கசக்கினாரோ அதை மறைத்துக்கொண்டுதான் பேட்டி கொடுக்க வேண்டும். உற்சாகத்தில் வாழ்த்துரை வழங்குபவர் கொலைகாரன் யார் என்று மேடையிலேயே போட்டு உடைத்துவிடும் ஆபத்து வேறு. இந்த வகை எழுத்தை அதை எழுதியவரே விற்க முடியாது. படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், 'நீங்களும் படியுங்கள்' என்று கையில் திணிக்கும் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரை உருவாக்குவதுதான் பதிப்பாளரின் வேலை.

அந்த வேலை முன்பு நடந்துகொண்டிருந்தது. ஆர்தர் கோனன் டாயிலின் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887இல் 'பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆண்டு மல'ரில் வந்தது. முழு உரிமைக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 25 பவுண்டு. ராயல்டி கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். அந்த மலரின் ஒரே ஒரு பிரதி 2007இல் நியூயார்க் ஏலத்தில் 1,56,000 டாலருக்குப் போனது. ஷெர்லக் ஹோம்ஸ் முதல் நாவலில் ஊரைக் கலக்கிவிடவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1891 ஜூலை முதல், 'ஸ்ட்ராண்ட்' மாத இதழ் சிட்னி பேஜட்டின் படங்களோடு அவரைச் சிறுகதைகளாக மாதந்தோறும் வாசகர் முன்னால் நிறுத்தியது. ஹோம்ஸ் நிலைத்தது அதற்குப் பிறகுதான். இதில் டாயில் செய்தது எழுதியது மட்டுமே. மீதியை ஓர் இதழ் செய்தது.

அகதா கிறிஸ்டியின் முதல் நாவலுக்கும் அதே 25 பவுண்டுதான் என்பது தற்செயல் என்றாலும் நினைவில் வைக்க வேண்டிய தற்செயல். முதல் உலகப் போரின்போது டார்கீ நகரில் மருந்தகப் பணியில் இருந்தபோது எழுதத் தொடங்கிய 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' பல பதிப்பகங்களால் திருப்பியனுப்பப்பட்டு, 1920இல் அமெரிக்காவிலும் 1921இல் பிரிட்டனிலும் வந்தது. 2,000 பிரதிக்கு மேல் விற்றால்தான் ராயல்டி என்பது நிபந்தனை. விற்றது ஏறக்குறைய 2,000. ராயல்டி ஒரு பென்னிகூட வரவில்லை. தொடராக வெளியிடும் உரிமையில் அவர் பங்காகக் கிடைத்ததுதான் அந்த 25 பவுண்டு. அவருக்குப் பெருமகிழ்ச்சி தந்த மதிப்புரை, மருந்தாளுநர்களுக்கான 'பார்மசூட்டிகல் ஜர்னல்' எழுதியது. விஷத்தைப் பற்றி விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறார் என்று அது பாராட்டியது. (அந்த விஷ உத்தி என்னவென்று நூறாண்டு கழிந்த பிறகும் இங்கே எழுதுவது முறையல்ல.)

அந்த நாவலை வெளியிட்ட பாட்லி ஹெட் பதிப்பகத்தின் ஒப்பந்தம் கஞ்சத்தனமானது. கிறிஸ்டி பிற்பாடு அதற்காக வருந்தவும் செய்தார். ஆனால் அதே ஒப்பந்தம் அடுத்த ஐந்து புத்தகங்களையும் தமக்கே தர வேண்டும் என்று கேட்டது. முதல் நாவல் 2,000 பிரதியோடு நின்றபோது, உன்னால் விற்க முடியவில்லை என்று அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. 1926இல் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' வந்து பெயர் பெற்றபோது அவர் முதல் நாவலைத் தாண்டி ஆறாண்டு ஆகியிருந்தது. துப்பறியும் கதை தொடர்ச்சியில் வாழ்வது. வாசகர் முதலில் கதையை வாங்குகிறார். மூன்றாவது நான்காவது புத்தகத்தில்தான் துப்பறிகிறவரோடு உறவு கொள்கிறார். முதல் புத்தகத்தின் முதல் மாத விற்பனையை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் ஹோம்ஸும் இல்லை, கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவும் இல்லை.

ஜப்பான் இதை இன்றும் புரிந்துவைத்திருக்கிறது. கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்த கெய்கோ ஹிகாஷினோ 1985இல் தன் முதல் நாவலுக்கு எடோகாவா ராம்போ பரிசு பெற்றார். கையெழுத்துப் பிரதிக்குத் தரப்படும் பரிசு அது. பரிசு பெற்ற நாவலைப் பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிடும். பரிசின் பெயரே விளம்பரம். அதன்பின் அவர் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலுக்காக நவோக்கி விருது பெற்றது 2006இல். இடையில் இருபது ஆண்டுகள் எழுத இடம் கொடுத்தார்கள். பிரிட்டனிலும் முதல் க்ரைம் நாவலுக்கென 1973 முதல் ஜான் கிரீஸி பெயரில் விருது இருக்கிறது. தமிழில் போட்டிகள் அவ்வப்போது வருகின்றன, போகின்றன. அரை நூற்றாண்டு நிலைத்த விருது ஒன்றில்லை.

ஆனால் தமிழுக்கு இந்த வித்தை தெரியாததல்ல. 1968இல் 'நைலான் கயிறு' குமுதத்தில் தொடராக வந்தபோது, மத்திய அரசுப் பணியில் இருந்த அதன் ஆசிரியர் யாரிடமும் போய்ப் படியுங்கள் என்று கெஞ்சவில்லை. வாரா வாரம் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அந்தக் கதையின் கணேஷைக் கொண்டுபோனது இதழ். அதன் பிறகு மாத நாவல்கள் வந்தன. ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் எழுதிக்கொண்டே இருந்தார்கள், ஜி.அசோகன் போன்ற பதிப்பாளர்கள் அவர்களைப் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கவிட்டார்கள். ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியது, விற்கும் கவலை இன்னொருவரிடம் இருந்ததால்தான். இலக்கியவாதிகள் எவ்வளவு முகம் சுளித்தாலும், எழுத்தாளர் எழுதுவார், பதிப்பாளர் விற்பார் என்ற எளிய வேலைப் பிரிவினையைத் தமிழில் கச்சிதமாகக் கடைப்பிடித்தது அந்தச் சாணித்தாள் உலகம்.

பதிப்பாளர்களுக்கும் சங்கடங்கள் உண்டுதான். 2025 செப்டம்பரில் அச்சுக் காகிதத்தின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புத்தகத்துக்கு வரி இல்லாததால் அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. நூலக ஆணை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆனால் இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள அவர்கள் தேர்ந்தெடுத்தது அரசையும் அல்ல, விற்பனையாளரையும் அல்ல. சங்கிலியில் ஆகக் குறைவாகச் சம்பாதிக்கும் எழுத்தாளரை. நூறு, இருநூறு பிரதி அச்சிட்டுப் பார்க்கலாம் என்ற பிஓடி (தேவைக்கேற்ப அச்சிடும்) வசதி வந்ததிலிருந்து பதிப்பாளரின் முதலீடு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. விற்காத புத்தகத்தால் இன்று நஷ்டப்படுகிறவர் எழுதியவர் மட்டும்தான்.

மேலை நாட்டிலும் நிலைமை அழகாக இல்லை. பிரிட்டனில் எழுத்தை முதன்மைத் தொழிலாகக் கொண்டவரின் இடைநிலை ஆண்டு வருமானம் 2006இல் 12,330 பவுண்டு. 2022இல் அது 7,000 பவுண்டு. லண்டனின் 'தி புக்செல்லர்' இதழ் 2023இல் முதல் புத்தகம் வெளியிட்டவர்களிடம் கேட்டபோது, அந்த அனுபவம் தங்கள் மனநலத்தைப் பாதித்தது என்றவர்கள் 54 சதவீதம். தன்னைத் தானே சந்தைப்படுத்து என்ற உபதேசம் கோலோச்சிய ஆண்டுகளின் நிலவரம் இது. 

ஆகவே, முதல் மர்ம நாவலை ஏற்கும் பதிப்பாளர் ஒரு நாவலுக்கு அல்ல, மூன்று நாவலுக்கு ஒப்பந்தம் போட வேண்டும். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவிடுவார், மதிப்புரைக்கு எத்தனை பிரதி அனுப்புவார், புத்தகக்காட்சியில் எந்த வரிசையில் வைப்பார் என்பதை எழுத்தில் தர வேண்டும். விற்பதும் எழுத்தாளரின் வேலைதான் என்று வாதிடுகிறவர்கள், இன்றைய 10 சதவீத ராயல்டியை 25 ஆக்கிவிட்டு வந்து வாதிடட்டும். இவற்றில் எதற்கும் முன்வராத பதிப்பகத்துக்கு முதல் நாவலைக் கொடுக்காதீர்கள்.