முரல்சிட்டும் முள்ளுக்கோலும்

எம்மிடம் முன்னர்ப் பயின்று, இப்பொழுது அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்து ரூசான் நகரிலே குடியிருக்கும் மாணவி ஒருவர் அண்மையில் ஒரு திருமுகம் விடுத்திருந்தார். அந்நகர் சொனோராப் பாலைநிலத்தின்கண் உள்ளது. புதிதாக வாங்கிய மனையை அழகுசெய்ய முயலும் அவர் எம்மை வினவியவை இரண்டு. பின்வளவுக்கு வந்துபோகும் 'ஹம்மிங்' பறவைக்குத் தமிழ்ப் பெயர் யாது என்பது ஒன்று. வளவு மூலையிலே பட்டுப்போன முட்கோல்களாய் நிற்கும் செடியைக் கிண்டி எறிந்துவிட்டுப் புற்றரை இடலாமா என்பது மற்றொன்று. இலக்கணம் படிப்பித்தவனிடம் மனையலங்காரம் கேட்டல் விந்தையே. ஆயினும் இரண்டு வினாவும் ஒரே வினா என்பது எம் கருத்தாதலின், யாவரும் அறிய ஈண்டு விடை கூறுகின்றோம்.

பெயரை முதலில் நோக்குவாம். தேன்சிட்டு என்று மொழிபெயர்ப்பார் உளர், அது பிழை. தேன்சிட்டு நம் வளவுகளிலே செவ்வரத்தைக் கொம்பிற் பற்றிநின்று தேன் அருந்துவது. அமெரிக்கக் கண்டங்களிலன்றி வேறெங்கும் இல்லாத இப்பறவையோ மலருக்கெதிரே அந்தரத்தில் நின்று அருந்தும், பின்னோக்கியும் பறக்கும். இரண்டும் வெவ்வேறு குலத்தன; செய்தொழில் ஒன்றாதலின் தோற்றம் ஒத்தன. ஓசனிச்சிட்டு என்பாரையும் ரீங்காரச்சிட்டு என்பாரையும் யாம் மறுக்கவில்லை. எமக்கு உவப்பானது முரல்சிட்டு. வண்டு முரலும் என்பது தமிழ் வழக்கு. இதன் சிறகும் அவ்வாறே முரல்கின்றது. முரல் என்றால் மீனன்றோ எனக் கரையோர அன்பர்கள் நகைப்பர். அம்மீனுக்கும் மூக்கு நீளந்தானே! தவிர, இது வினைத்தொகை. ஆதலின் லகரம் திரியாது நின்றது.

பெயர் கிடைத்தமையால் பறவையை அறிந்தோமென்று கருதலாகாது. அவ்வளவுகளுக்கு வரும் முரல்சிட்டு ஓரினமன்று, பல. பெரும்பாலும் ஆணின் தொண்டையைக்கொண்டே இனம் காண்பர். அன்னா சிட்டுக்கு உச்சியும் தொண்டையும் இளஞ்சிவப்பாய் ஒளிரும். கொஸ்தா சிட்டின் ஊதாத் தொண்டை இருமருங்கும் மீசைபோல நீண்டு தொங்கும். கருமோவாய்ச் சிட்டுக்குக் கருமையின் கீழே ஊதாப் பட்டை ஒன்று. அகலலகுச் சிட்டுக்கு நீலத் தொண்டையும் நுனி கறுத்த செவ்வலகும் உண்டு. ஆனால், இத்தொண்டை நிறங்கள் சாயத்தால் அமைந்தவையல்ல. இறகின் நுண்ணிய அமைப்பிலே ஒளி பட்டு மீள்வதால் தோன்றுபவை. கோணம் மாறின் அதே தொண்டை கரியாகிவிடும். ஒரு கணம் கண்டு 'கருந்தொண்டைச் சிட்டு' என்று குறித்துவைப்பவர் ஏமாறுவர். பெண் பறவைகளிலோ பழகினோரும் தடுமாறுவர். (ஒருமுறை ஓதிய செய்யுளுக்கு உடனே எழுந்து பொருள் சொல்லும் மாணாக்கர் எமக்கு நினைவில் வருகின்றனர்.) அன்னா, கொஸ்தா என்பன ஐரோப்பியப் பிரபுக்குலத்தார் இருவரின் பெயர்கள். மனிதர் பெயர் தாங்கிய ஆங்கிலப் பறவைப்பெயர்களை மாற்றுவதென அமெரிக்கப் பறவையியற் கழகம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. பறவையைப் பார்த்து இட்ட பெயரே பெயர் என்பேம்.

இனி அந்த முட்கோல். அவர் எழுதிய வருணனையால் அஃது ஒக்கொத்தியோ என்னும் செடி எனத் துணிகின்றோம். மழையில்லாக் காலத்தில் இலை முழுதும் உதிர்த்துச் செத்ததுபோல நிற்பது அதன் இயல்பு. மழை பெய்த சில நாளிலே தளிர்க்கும். இளவேனிலில் ஒவ்வொரு கோலின் நுனியிலும் செந்தீப்போலப் பூங்கொத்து எழும். அப்பூவும் சுப்பரோசா என்னும் செடியின் பூவும் முரல்சிட்டுக்கு உணவு. சுப்பரோசா வேறெதுவுமன்று, நம் ஆடாதோடையின் உறவு. மெக்சிக்கோ மக்கள் முரல்சிட்டையும் அப்பெயராலேயே அழைப்பர். பாலைக்கே உரிய கொஸ்தா சிட்டு இப்பூக்களை நம்பிப் பின்பனியிலும் இளவேனிலிலும் கூடுகட்டி, வெயில் முற்றியதும் பெரும்பாலும் அகன்றுவிடும். புற்றரையில் அதற்கு ஆவது யாது?

மனை அவரவர் உடைமை, அலங்காரம் அவரவர் விருப்பம் என்பர். யாம் உடன்படோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்னா சிட்டு தென் கலிபோர்னியாவிலும் அதனையடுத்த மெக்சிக்கோப் பகுதியிலுமே கூடுகட்டியது. மக்கள் தத்தம் வளவுகளில் நட்ட அயல்நாட்டுப் பூமரங்களும் தொங்கவிட்ட சீனிநீர்க் கலங்களும் அதனைக் கிழக்கே அரிசோனாவுக்கும் வடக்கே கனடா வரைக்கும் கொண்டுசென்றன. ஒவ்வொருவரும் தம் கண்ணின்பத்திற்கே நட்டனர். ஒரு பறவையின் தேசப்படம் மாறிற்று. அது நன்றோ தீதோ என்பதை வாதிக்கலாம். என் வளவு என்னோடு என்று சொல்வது மட்டும் இயலாது.

சுவருக்குச் செந்நிறம் பூசினால் சிட்டு வருமோ என்றும் கேட்டிருந்தார். வந்து பார்க்கும், தேன் இன்றேல் போய்விடும். கலம் தொங்கவிடின் ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நான்கு பங்கு நீர் போதும், செஞ்சாயம் வேண்டா, வெயிற்காலத்தில் அடிக்கடி மாற்றுதல் வேண்டும். வானமும் மரமும் தெரியும் பெருங் கண்ணாடிச் சாளரத்திலே பறவை மோதி மாயும். அதன் வெளிப்புறத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளியிட்டுவைத்தல் எந்தத் திரைச்சீலையினும் நல்ல அலங்காரம்.

செடியைப் பிடுங்க வேண்டா, பங்குனி சித்திரை வரை பொறுத்து, எந்தத் தொண்டை வருகின்றதென்று எழுதுக என மறுமொழி விடுத்துள்ளோம். அவருடைய கணவர் புற்றரைக்காரருக்கு முற்பணம் கொடுத்துவிட்டாராம்.